கடைசி வாரத்துச் சிவப்பு

ஜூன் 2, செவ்வாய்

புதுக் கட்டடத்துக்கு நான் போட்ட வேலை அட்டவணைக்கு ஒருவழியாக ஒப்புதல் கிடைத்தது. ஐந்து மாடி, இருநூற்றுச் சொச்சம் வேலைகள், ஜூலை பத்தில் ஒப்படைப்பு. திரையில் எங்கேயும் சிவப்பு இல்லை; யாருக்கும் அளவு மீறின வேலை இல்லை, எதுவும் தள்ளிப்போகவில்லை. மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மணிக்காரி வந்தாள். தீ எச்சரிக்கை மணிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் பொறியாளர். எங்கள் நிறுவனத்தில் அந்த உரிமம் அவளுக்கு மட்டும்தான் இருக்கிறது. அவளுடைய ஆறு வயது மகளுக்கு இதயத்தில் சின்ன ஓட்டை. ஆபரேஷனுக்கு இரண்டு தேதி கொடுத்திருக்கிறார்கள்: ஜூலை ஏழு, விட்டால் அக்டோபர். "ஏழாம் தேதி வாக்குல எனக்கு வேலை எப்படிக்கா இருக்கும்?" என்றாள். திரையை அவள் பக்கம் திருப்பினேன். தினம் நாலு மணி நேரம், ஆறு வாரமும் ஒரே சீராக.

"முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா இழுத்துப் போட்டு முடிச்சிடலாம். அந்த வாரம் நீ பாப்பாகூட இரு."

என் எதிரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஏழாம் தேதியை உறுதி செய்தாள். போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

ஜூன் 5, வெள்ளி

எதையோ மறந்த மாதிரியே இருக்கிறது. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது.

ஜூன் 9, செவ்வாய்

மறந்தது என்னவென்று தெரிந்துவிட்டது.

போன வாரம் யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று பதிந்துகொண்டு வந்தேன். மணிக்காரிக்கு நேரே ஒன்றுமே இல்லை. எப்படி இருக்கும்? சீலிங் மூடிய பிறகுதான் மணியையே மாட்டுவார்கள். மாட்டாத மணியை எப்படிச் சோதிப்பாள்? இது எனக்குத் தெரியாத விஷயமா? தலையில் தொப்பியோடு எத்தனை கட்டடம் ஏறி இறங்கியிருக்கிறேன்!

மென்பொருளைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஆளையும் மொத்த மணி நேரத்தையும் கொடுத்தால், ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மாதிரி எல்லா நாள் மேலும் ஒரே கனத்தில் தடவிவிடும். வேறு மாதிரி வேண்டுமென்றால் நாம் சொல்ல வேண்டும்: ஆரம்பத்தில் அதிகமா, கடைசியில் அதிகமா, நடுவில் மேடா என்று. நான் சொல்லவில்லை. ஒரு வேலைக்குக்கூடச் சொல்லவில்லை.

'கடைசியில் அதிகம்' என்று மாற்றினேன். ஜூலை முதல் வாரம்வரை வெறிச்சோடிக் கிடந்தது. அதன்பின் ஒரே சிவப்பு. ஏழாம் தேதிக்கு நேராகப் பதினாலு மணி நேரம்.

மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்படியே அனுப்பினா கட்டடக்காரங்க நம்மளை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. பழையபடி சமமா போட்டு அனுப்புங்க. நேரம் வரும்போது பார்த்துக்கலாம்."

போட்டேன். அனுப்பினேன்.

பார்த்துக்கலாமாம் — யாரு பார்த்துக்கறது? அவதானே?

ஜூன் 10, புதன்

மணிக்காரியிடம் மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"இந்த ஆறு வாரம் உனக்கு எப்படி இருக்கும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

கேட்டிருக்கலாம். அவள் பெயரை நூறு தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். அவளும் அட்டவணையைப் பார்த்தாளே, அப்போதே சொல்லியிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. அன்றைக்கு அவள் கண்ணில் ஏழாம் தேதியைத் தவிர வேறு எது பட்டிருக்கும்? சீ, என்ன புத்தி இது எனக்கு.

"ஆபரேஷன் தேதியை மாத்திடுவியா?" என்றேன். "அக்டோபர் வரைக்கும் தள்ளிப்போட முடியாதுக்கா. படி ஏறினாலே அவளுக்கு உதடு நீலமாயிடுது."

ஜூன் 12, வெள்ளி

சீலிங் சீக்கிரம் மூடினால் சோதனையும் முன்னால் வரும் என்று, அந்த வேலையை எடுத்திருக்கும் சீலிங்காரரைப் பார்க்கப் போனேன். ஐந்து மாடியிலும் ஆட்களைப் பிரித்து விட்டிருந்தார். எல்லா மாடியிலும் பாதி சீலிங், எந்த மாடியிலும் முழு சீலிங் இல்லை. ஏன் இப்படி என்றால், "உங்க அட்டவணை அப்படித்தானே மேடம் சொல்லுது? எல்லா மாடியிலயும் தினம் கொஞ்சம்னு!"

இதுவும் என் கைங்கரியம்தான்.

எல்லோரையும் கீழ் மாடியில் விட்டு, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு மேலே போகச் சொன்னேன். சிரித்தார். "ஏணி வைக்க இடம் வேணாமா? ஒருத்தன் தலைமேல இன்னொருத்தன் ஏறி நிக்கணும்." கூடவே நடந்தேன். பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம் என்று நினைத்தபோது, இரண்டு இரண்டு மாடியாக மூடித் தருகிறேன் என்று இறங்கி வந்தார். அப்படிப் பார்த்தால் நாலு மாடி ஜூலை பிறப்பதற்குள் மூடிவிடும். ஐந்தாவது மட்டும் ஆறாம் தேதிதான் மூடும்.

ஆபரேஷனுக்கு முதல் நாள். பாழாய்ப்போன ஐந்தாவது!

ஜூன் 14, ஞாயிறு

நிறுவனத்து மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்தத் தடவை மென்பொருள் தருகிற எந்த வடிவத்தையும் நம்பவில்லை. மணிக்காரியைப் போனில் வைத்துக்கொண்டு நாள் நாளாகக் கேட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கையால் எண்ணைப் போட்டேன். இரண்டு, ஆறு, எட்டு, மூன்று. பாப்பாவுக்குப் பரிசோதனை இருக்கிற நாளில் ஒன்று. ஜூலை ஆறிலிருந்து பத்துவரை சைபர். ஐந்தாம் மாடி ஒப்படைப்பு பதினேழுக்குப் போனது. சிவப்பாக.

"சாப்பாட்டுல கைய வச்சுட்டு எங்க போயிட்ட?" என்றார் வீட்டுக்காரர். விரல் மேசையில் தாளம் போடுகிறதாம்.

ஜூன் 16, செவ்வாய்

மேலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாரைக் கேட்டு சைபர் போட்டீங்க?"

"அவளைக் கேட்டு."

திரையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். பிறகு, "அனுப்புங்க. கேள்வி வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார்.

வந்தது. கட்டடக்காரர்கள் கூட்டத்தில் என்னை வறுத்தெடுத்தார்கள். நாலு மாடி சொன்ன தேதிக்கு வராவிட்டால் என் மேல் எழுத்தில் புகார் வருமாம். தலையாட்டிவிட்டு வந்தேன். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன், இரண்டு தடவை.

ஜூன் 30, செவ்வாய்

மூன்று மாடி முடிந்தது. இன்றைக்கு மணியை அடித்துக் காட்டினாள். கட்டடமே அலறியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட, சீலிங்காரர் கையில் தேநீரோடு ஓடிவந்து சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டார். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

ஜூலை 3, வெள்ளி

நாலாவது மாடி முடிந்தது. சந்தோஷப்பட விட்டார்களா? ஆஸ்பத்திரியிலிருந்து போன். அறுவை சிகிச்சை டாக்டருக்கு அவசர கேஸ்கள் குவிந்துவிட்டனவாம். ஏழாம் தேதி இல்லை, பதினாலு.

நான் சண்டை போட்டு வாங்கிய சைபர் எல்லாம் தப்பான வாரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கேயும் யாரோ என்னை மாதிரி ஒருத்தி அந்த டாக்டரின் வேலையை எல்லா நாள் மேலும் ஒரே சீராகத் தடவி வைத்திருப்பாளோ?

மேலாளருக்கு ஒரே குஷி. "அப்ப அஞ்சாவது மாடியும் பத்தாம் தேதியே முடிஞ்சிடும்!" மனுஷனா இவரு?

மணிக்காரியிடம் கேட்டேன். "வீட்ல உக்காந்தா அவ மூச்சு விடறதையே பார்த்துட்டிருப்பேன்கா. வர்றேன். ஆனா மதியம் வரைக்கும்தான். அதுக்கு மேல கேக்காதீங்க."

அந்த வாரத்துக்குத் தினம் நாலு மணி நேரம் போட்டேன். அடுத்த வாரத்துக்கு சைபர்.

ஜூலை 10, வெள்ளி

நாலு மாடியை ஒப்படைத்தோம். ஐந்தாவதில் கிழக்குப் பக்கம் மட்டும் மிச்சம்.

மதியம் அவள் பையை எடுத்தபோது மேலாளர் மேலே ஏறி வந்தார். "இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் இருந்தா முடிஞ்சிடும்லம்மா? இருந்துட்டுப் போயேன்." அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பாப்பாவை இன்றைக்குச் சாயங்காலம் கடைசிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டே மணி நேரம்தானே என்று எனக்கும் ஒரு நொடி நாக்கில் வந்தது. ஏன் வரணும் அது?

"கிளம்பு" என்றேன்.

கிளம்பினாள். கிழக்குப் பக்கத்தை அவள் திரும்பி வருகிற வாரத்துக்கு நகர்த்தி, சிவப்பை மறைக்காமல் அனுப்பிவிட்டேன். மேலாளர் இன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

பாப்பாவைக் காலையிலேயே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

போன் இல்லை.

இன்னும் இல்லை. ஏதோ ஒரு வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு, போட்ட எண்ணையே அழித்து அழித்துப் போடுகிறேன்.

வந்தது. முடிஞ்சிடுச்சாம். நல்லா இருக்காளாம். போனில் நான்தான் அழுதேன், அவள் அழவில்லை.

ஜூலை 16, வியாழன்

பாப்பா கண்ணைத் திறந்ததும் பசிக்குது என்றாளாம். உதடு சிவப்பாக இருக்கிறதாம். மணிக்காரி அதை மூன்று தடவை சொன்னாள்.

ஜூலை 22, புதன்

மேலாளர் என் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் இங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த கட்டடத்தின் அட்டவணை திரையில் இருந்தது.

"மணிக்காரிக்கு எப்படிப் போடறதா இருக்கீங்க?"

"திங்கக்கிழமை வர்றா. கேட்டுட்டுப் போடறேன்."

"அதுவரைக்கும்?"

"காலியாத்தான் இருக்கும் சார்."

அவள் பெயருக்கு நேரே இருந்த வெள்ளைக் கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா படி ஏறுதா இப்போ?" என்று கேட்டார்.