தம்பி போட்ட கணக்கு

தம்பிக்கு,

அம்மா சாவுக்கே வராத உனக்கு எழுதக் கூடாது என்றிருந்தேன். நீ போனை எடுப்பதில்லை, அதனால் இந்த மின்னஞ்சல்.

என் மகளுக்கு இதயத்தைச் சுற்றி வீக்கம், நீரும் கோத்திருக்கிறது. யார் தேறுவார், யாருக்கு மோசமாகும் என்று டாக்டரான நீ வகுத்த கணக்கைத்தான் இந்த ஆஸ்பத்திரியிலும் பார்க்கிறார்கள். காய்ச்சல் இல்லையாம், அதனால் உன் கணக்குப்படி ஆபத்து குறைவாம். நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

வீட்டுக்குப் போகும் ஆசையில், நர்ஸ் காய்ச்சல் பார்க்க வருமுன் காய்ச்சல் மாத்திரையை விழுங்கியிருக்கிறாள் அந்தக் கழுதை. டாக்டரிடம் சொன்னேன்.

"பெத்தவங்க பயம் சார். கணக்குப் போட்டவரையே வந்து சொல்லச் சொல்லுங்க" என்று சிரித்தார்.

இவளோ, "சித்தப்பா கணக்குப்பா, தப்பாகாது" என்கிறாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. இன்றே வா. என்னோடு பேச வேண்டாம், அவள் நெஞ்சில் மட்டும் காதை வைத்துப் பார்.

அண்ணன்