பந்தக்கால் நட்ட வீட்டுக்கு வந்த தந்தி

அண்ணா,

இன்று காலை உன் தகரப் பெட்டியைத் திறந்து வெயிலில் வைத்தேன். பாச்சை உருண்டை வாசனை கூடமெல்லாம் ஏறிவிட்டது. உன் வெள்ளைக் கோட்டு பழுத்துப் போயிருக்கிறது. தோளில் சரிகைப் பட்டை இருந்த இடம் மட்டும் இன்னும் வெளுப்பாக இருக்கிறது. அதைப் பிய்த்தவன் நீயே. திண்டிவனத்துக்கு, அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்த அன்றே கத்தரிக்கோல் கேட்டாய், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. நீ உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். கோழைத்தனம்தான். எழுதாமல் விட்டால் அது இன்னும் பெரிய கோழைத்தனம்.

மரக்காணம் கடலைத் தவிர வேறு கடல் பார்க்காத குடும்பத்திலிருந்து நீ கடற்படைக்குப் போனாய். முப்பதுகளில் முதல் முறை அந்த வெள்ளை உடுப்போடு விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியபோது ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நாற்காலி போட்டார். நீ உட்காராமல் நேராக இன்ஜினிடம் போய் டிரைவரோடு பேச ஆரம்பித்துவிட்டாய். மாலையோடு வந்த அப்பா வெயிலில் நின்றார். “மிஷினு பொய் சொல்லாது சாமி, மனுசன்தான் சொல்லுவான்” என்று அன்று அந்த டிரைவரிடம் சொன்னாய். நாங்கள் சிரித்தோம். சண்டை வந்தபோது நீ லெப்டினன்ட் கமாண்டர். ஒரு போர்க்கப்பலின் இன்ஜின்கள் அத்தனையும் உன் பொறுப்பில் இருந்தன. நான் வாழ்க்கைப்பட்ட விழுப்புரத்தில் எனக்கே அதனால் தனி மரியாதை. காய்கறிக்காரி கூட, “கப்பல்காரு தங்கச்சி” என்று ஒரு கத்தரிக்காய் கூடப் போடுவாள்.

பிறகு கப்பலில் ஒரு பாய்லர் வெடித்தது. நான்கு பேர் வெந்து செத்தார்கள். பாய்லர் தாங்காது, கப்பலைக் கரைக்குத் திருப்புங்கள் என்று நீ முன்பே வெள்ளைக்காரக் கேப்டன் துரையிடம் சொல்லியிருக்கிறாய். துரை கேட்கவில்லை. விசாரணை என்று வந்ததும், நீ அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார். நீ சொன்னபோது பக்கத்தில் நின்று கேட்டவன் ஒரே ஒருவன், அந்தோணி. முகையூரில் நிலமில்லாத கூலிக் குடும்பத்துப் பிள்ளை. நீதான் அவனைக் கடற்படையில் சேர்த்துவிட்டாய். கை வெந்துபோய் லீவில் ஊருக்கு வந்திருந்தான். முகையூரில் தந்தி ஆபீஸ் கிடையாது. அதனால் நீ விழுப்புரத்துக்கு, என் வீட்டுக்குத் தந்தி அடித்தாய்.

தந்தி வந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்று காலைதான் உன் மருமகள், என் பெண்ணின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டு, மஞ்சள் தடவி, மாவிலை கட்டியிருந்தோம். தந்தி சேவகன் வாசலில் வந்து நின்றான். நம் வீட்டுக்கு அதுவரை வந்த தந்தி எல்லாமே சாவுத் தந்திதான். என் வீட்டுக்காரரின் பெரியப்பா மதராஸில் இழுத்துக்கொண்டு கிடந்தார். அவர்தான் போய்விட்டார் என்று நானே முடிவு கட்டினேன். சாவுச் சேதி காதில் விழுந்தால்தானே தீட்டு? பந்தக்கால் நட்ட வீட்டில் கல்யாணம் நின்றால் என் பெண்ணை அல்லவா ராசி கெட்டவள் என்பார்கள்? போன கிழவர் மூன்று நாள் கழித்துப் போனதாக இருக்கட்டும் என்று, கையெழுத்துப் போட்டு வாங்கிய தந்தியைப் பிரிக்காமல் கேப்பைப் பானைக்குள் போட்டு மூடினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன், அண்ணா. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

புதன்கிழமை மாலை பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு போன பிறகு தந்தியை எடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் பிரித்து உரக்கப் படித்தார். “அந்தோணியை உடனே பம்பாய்க்கு அனுப்பு. வெள்ளிக்கிழமை விசாரணை. அவன் ஒருவனே சாட்சி.” அவர் ரயிலில் கார்டு வேலை பார்த்தவர், நேரமெல்லாம் அவருக்கு அத்துப்படி. “இப்பவே வண்டி கட்டிக்கினு போயி ஆள இட்டாந்தாலும் சனிக்கிழமதான் போய்ச் சேர முடியும். முடிஞ்சிபோச்சி” என்றார். பதில் தந்திகூட நாங்கள் அடிக்கவில்லை. என்னவென்று அடிப்பது?

உன் பதவியைப் பறித்தார்கள். பென்ஷனும் இல்லை என்று அனுப்பினார்கள். நீ வந்து இறங்கியபோது ஸ்டேஷனில் நான் மட்டும்தான் நின்றேன். நீ என்னிடம் கேட்ட முதல் வார்த்தை இதுதான்: “அந்தோணி வரமாட்டேன்னுட்டானா?”

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ நாள் என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். எடுபடவில்லை. நீ உடனே நம்பினாய், அப்பா நம்பினார், ஊரும் நம்பியது. உண்மை தெரிந்த என் வீட்டுக்காரரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சேரிப் பயல், துரைக்குப் பயந்து உப்பிட்ட கையை மறந்துவிட்டான் என்று சொல்வது எல்லாருக்கும் எவ்வளவு சுலபமாக இருந்தது. ஒருமுறை அவன் உன்னைப் பார்க்கத் திண்டிவனம் வந்தான். நீ கதவைச் சாத்தச் சொன்னாய். சாத்தியது நான்.

கப்பல் இன்ஜினை ஓட்டியவன் கடைசியில் மல்லாட்டைக் கடலை ஆட்டும் மில்லில் எண்ணெய்ச் செக்கைப் பழுது பார்த்தாய். மில் முதலாளி உன்னை, “யோவ் பிட்டரு” என்று கூப்பிட்டதை நானே கேட்டிருக்கிறேன். நீ திரும்பி, “இதோ வர்றேங்க” என்றாய். அந்தக் குரலைக் கேட்டதற்கு நான் செத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்தோணியைத் திட்டுவாய். உன் நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கிய கடைசி வாரத்திலும் திட்டினாய். நான் விசிறிக்கொண்டு இருந்தேன்.

உன்னை எடுக்கிற அன்று அந்தோணி வந்தார். இனி அவரை அவன் இவன் என்று எழுத என் கை வரவில்லை. நம் சித்தப்பா மகன் தெருவிலேயே மறித்து, “எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வந்த?” என்றான்.

அவர் வெந்த கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா நான் நடந்தாவது போயிருப்பேங்க. எனக்கு யாருமே சொல்லலியே.”

யாரும் அதை நம்பவில்லை. நம்பக்கூடியவள் ஒருத்தி அங்கே இருந்தாள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், அவ்வளவுதான்.

உன் கருமாதி முடிந்த மறுநாள் முகையூருக்குப் போனேன். அவர் கேப்பை வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே தந்தி வந்தது, பானையில் போட்டது, தலையை ஆட்டியது எல்லாம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசட்டும் என்றுதான் போனேன். கையிலிருந்த களையை வரப்பில் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஐயா என்னத் திட்டிக்கினேதான் செத்தாருங்களா?”

“ஆமா” என்றேன்.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “அப்போ, தனக்குன்னு ஒருத்தன்கூட இல்லன்னு நெனச்சிக்கினே போயிட்டாரு” என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

நீ தனியாகப் போனாயே என்றுதான் அவர் அழுதார், அண்ணா. உன்னை அப்படி அனுப்பி வைத்தவள் நான்.