பன்னிரண்டாம் இலக்கம் நான்தான்

2025 நவம்பர் 3, திங்கள்

மத்தியான இடைவேளையில் ஓர் ஆட்டம் வென்றேன். கடைசி நிமிடத்தில், ஒரேயொரு புள்ளியால். ஐம்பது வயதில் இதை எழுதி வைக்கிறேன் என்று தெரிந்தால் பிரதீபா சிரிப்பாள். சிரிக்கட்டும். அவள் பார்க்கிற சீரியலில் இதுவரை ஒருத்தரும் ஒன்றிலும் வென்றதாகத் தெரியவில்லை.

மிசிசாகாவில் விமானச் சரக்குக் களஞ்சியத்தில் என்னோடு போர்க்லிப்ட் ஓட்டுகிறவன் அன்ட்ரூ. தன் மகனுடைய பழைய கேம் மெஷினை, கையில் வைத்து விளையாடுகிற சின்ன மெஷினை, குப்பையில் போடப் போனான். நான் வாங்கிக்கொண்டேன். உள்ளே ஒரே ஒரு ஆட்டம்தான் இருந்தது. அமெரிக்கக் கல்லூரிகளின் புட்போல். நாங்கள் ஊரில் உதைத்த பந்து இல்லை. கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற, எறிகிற நீளப் பந்து. பத்து யார் தூரம் முன்னேற நாலு சந்தர்ப்பம் தருவார்கள். மூன்றில் முடியாவிட்டால், நாலாவதில் பந்தைத் தூர உதைத்து மற்றப் பக்கத்திடம் விட்டுவிடுவதுதான் புத்தியாம். நான் விடுவதில்லை. நாலாவதிலும் எறிவேன். உனக்கு மண்டை பிழை என்கிறான் அன்ட்ரூ.

நவம்பர் 5, புதன்

இந்த ஆட்டத்தில் வீரர்களுக்குப் பெயரே கிடையாது. இலக்கமும், நிற்கிற இடமும் மட்டும்தான். கல்லூரிப் பிள்ளைகளின் பெயரை அந்தக் காலத்தில் போட விடவில்லையாம். வேண்டுமானால் நாங்களே எழுதிக்கொள்ளலாம் என்று அன்ட்ரூ காட்டித் தந்தான். யாருடைய பெயரை எழுதுவது?

நவம்பர் 9, ஞாயிறு

முழு நாளும் பெயர் எழுதினேன். எங்கள் மகா வித்தியாலயத்தில் தொண்ணூற்றோராம் ஆண்டு இருந்த பொடியன்களின் பெயர்கள். அணியில் ஆடியவர்கள், ஆடாதவர்கள், மதிலில் ஏறி இருந்து கூவியவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆங்கில எழுத்துத்தான், அதுவும் கொஞ்சம்தான் ஏறும். தமிழ்ப் பெயருக்கு அது எந்த மூலைக்கு? அருளானந்தசிவம் அருளோடு நின்றுவிட்டார்.

பன்னிரண்டாம் இலக்கம் குவாட்டர்பாக். பந்தை எறிகிறவன், மற்றவர்களை நடத்துகிறவன் எல்லாம் அவன்தான். கப்டன் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் என் பெயரைப் போட்டேன்.

வீம்பு மட்டும் இல்லை, நியாயமும் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை அணியில் சேர்ப்பதில்லை. சாதி என்று ஒருத்தரும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, பற்றைக்குள் போன பந்தை எடுத்துக் கொடுக்கிறவன். காலால் உதைத்துக் கொடுத்தால் "உனக்கும் விளையாட்டுக் கேக்குதோ" என்று பேச்சு விழும். அதனால் கையால் எறிவேன். மைதானத்தின் நடுவரைக்கும் போகும். பள்ளிக்கூடப் படிப்பை விடும்வரை எறிந்த கை இது. குவாட்டர்பாக் ஆக வேறென்ன தகுதி வேண்டும்?

ஒரு பெயரை மட்டும் போடவில்லை. அந்த வருடத்துக் கப்டன் தவயோகன். மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன்.

நவம்பர் 15, சனி

பெயர்கள் வரிசையாக நிற்கிற திரையைப் போனில் படமெடுத்து, கனடா பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். வழக்கமாக அங்கே பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும்தான் வரும். இன்று குழு தீப்பிடித்துவிட்டது. என்னை ஏன் பின்னுக்கு விட்டாய், நான் அப்போது மெலிவு, என்னை ஏன் தடுக்கிற இடத்தில் நிறுத்தினாய் என்று ஆளாளுக்கு. ஒஷாவாவில் இருக்கிற ஒருவர், என் தம்பிக்கு ஒரு இடம் கிடைக்குமா என்று விசாரித்தார், பல்கலைக்கழக அனுமதி கேட்பதைப் போல.

சங்கத்தின் செயலாளர் பஸ்ரியன் என்னோடு படித்தவன். யூனியன்வில்லில் இருந்து போன் எடுத்தான். "மச்சான், தைப்பொங்கல் ஒன்றுகூடலில உதைப் பெரிய திரையில போடுவம். தகப்பன்மாரும் பிள்ளையளும் மாறி மாறி விளையாடட்டும்."

சங்கம் என்னிடம் ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கதிரை அடுக்குவதைத் தவிர.

நவம்பர் 16, ஞாயிறு

மகள் நிலக்சி மெஷினை வாங்கி விளையாடினாள். பன்னிரண்டாம் இலக்கத்தைக் காட்டி, "அப்பா, யூ ஆர் சோ ஸ்லோ" என்றாள்.

நவம்பர் 22, சனி

பஸ்ரியன் மறுபடி எடுத்தான். குரல் இறங்கியிருந்தது.

"மச்சான், ஒரு சின்ன விசயம். சண் அண்ணைக்கு மனவருத்தமாம்."

சண்முகலிங்கம் அண்ணை சங்கத் தலைவர். தவயோகனின் தமையன். தவயோகன் தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது, செல் குண்டு விழுந்து செத்துப்போனார். அது எனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

"தவயோகனைக் கப்டனாப் போடு. நீ வேற ஒரு இடத்தில நில். ஒரு பெயர்தானே மச்சான்?"

ஒரு பெயர்தான். அப்படியென்றால் அது இருந்துவிட்டுப் போகட்டுமே. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? யோசிக்க என்ன இருக்கிறது?

நவம்பர் 23, ஞாயிறு

மாத்தமாட்டன்.

ஏன் மாத்தவேணும்? அண்டைக்கு விளையாட விடேல்லை. சரி, அது ஊர், அது அந்தக் காலம். இண்டைக்கு குப்பைக்குப் போக இருந்த ஒரு மெஷின். ஒரு சாண் நீளம்கூட இல்லை. அதுக்குள்ளயும் நான் பின்னுக்குப் போய் நிக்கவேணுமாம். இல்லை, கேக்கிறன், இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்து, ஸ்ரௌவ்வில்லில வீடு வாங்கி, பனி வழிச்சு, அதுக்குப் பிறகும் கோல் கம்பத்துக்குப் பின்னாலதான் எண்டால் எப்பதான் முன்னுக்கு வாறது?

செத்தவரோடு எனக்குக் கோபம் இல்லை. இருக்கிறது. இல்லை. தெரியவில்லை. ஆனால் செத்ததற்காக எறியத் தெரியும் என்று ஆகிவிடாது. அவர் எறிந்ததே இல்லை. எறிந்தது நான்.

பஸ்ரியனுக்கு ஒரு வரி அனுப்பினேன்: பன்னிரண்டு நான்தான்.

நவம்பர் 30, ஞாயிறு

இன்று சண் அண்ணையே வீட்டுக்கு வந்தார். முதல் தடவை. வருகிறேன் என்று பஸ்ரியன் மூலம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தார். பிரதீபா தேத்தண்ணியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

"வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சிட்டு வாறன்."

நானும் பிரதீபாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

பிறகு என்னிடம் திரும்பினார். "செத்தவனோட உனக்கென்ன போட்டி?"

"போட்டி இல்லை அண்ணை. அவரை நான் போடவே இல்லை."

"அதைத்தான் கேக்கிறன். ஊர் முழுக்க இருக்கு. அவன்ர பெயர் மட்டும் இல்லை. அவன் கப்டன்."

"உங்கட அணிக்கு அவர் கப்டன். இது நான் எடுத்த அணி."

"நீ எடுத்த அணியோ?" என்றார். அந்த 'நீ'யை நான் நன்றாக அறிவேன்.

"ஓம் அண்ணை. அதில என்னை எடுக்கிறதெண்டு நானே முடிவெடுத்தனான். வேற ஒருத்தரும் எடுக்கேல்லை."

அவர் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. கோபம் என்றுதான் நினைத்தேன். எழும்பினார். சப்பாத்து நாடாவை இரண்டு தரம் கட்டினார், இரண்டு தரமும் அவிழ்ந்தது. உதவி செய்யலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், செய்யவில்லை.

கார் போனபிறகு பிரதீபா கோப்பையை எடுத்துத் தானே குடித்தாள். "கனடாவுக்கு வந்து இவ்வளவு காலமாச்சு. எங்கட வீட்டுக்கு வரேக்க மட்டும் எல்லாரும் குடிச்சிட்டுத்தான் வருகினம்" என்றாள். பிறகு, "நீங்கள் மாத்திப்போடாதேங்கோ" என்றாள். கேம் விளையாடுகிறதுக்கு அவள் என் பக்கம் நின்றது இன்றுதான்.

டிசம்பர் 7, ஞாயிறு

குழுவில் அறிவித்தல் வந்தது. 'தொழில்நுட்பக் காரணங்களினால்' ஒன்றுகூடலில் கேம் இடம்பெறாதாம். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு எங்கே என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் இருபது பேர் கைகூப்புகிற படம் போட்டிருந்தார்கள். அருளானந்தசிவம் உட்பட. போன மாதம் தன்னை முன்வரிசையில் போடச்சொல்லிக் கெஞ்சியவர்.

குழுவில் இருந்து விலகுவேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். விலகமாட்டேன்.

டிசம்பர் 20, சனி

நேற்றிரவு முழுக்கப் பனி. காலையில் வழித்தேன், மத்தியானம் பழையபடி. மெஷினில் எங்கள் பள்ளிக்கூடம் ஏதோ ஒரு பெரிய பல்கலைக்கழகத்தை அடித்து நொறுக்கியது. பஸ்ரியன் அருமையாக மறித்தான், மெஷினில் மட்டும்.

ஜனவரி 3, சனி

பொங்கல் ஒன்றுகூடலுக்குப் போகிறதா என்று பிரதீபா கேட்டாள். போகிறோம், மூன்று பேரும், சேலை வேட்டியோடு என்றேன். மெஷினும் வரும்.

ஜனவரி 18, ஞாயிறு

போனோம். ஸ்காபரோவில் வழக்கமான மண்டபம். கோட்டுகளைத் தூக்கிக்கொண்டு இடம் தேடினோம். பின்மேசைகளில் இடம் இருந்தது. நான் நடு மேசைக்குப் போனேன்.

விளக்கேற்றப் பத்துப் பேரைக் கூப்பிட்டார்கள். யாரைக் கூப்பிடுவார்கள், யாரைக் கூப்பிடமாட்டார்கள் என்பது மனப்பாடம். பிறகு தலைவர் உரை. நான் மெஷினை எடுத்து ஆட்டத்தைத் தொடங்கினேன். "மேசைக்குக் கீழ வைச்சு விளையாடுங்கோவன்" என்றாள் பிரதீபா. மேலேயே வைத்து விளையாடினேன். சண் அண்ணை மேடையில் இருந்து பார்த்தார். பார்க்கட்டும் என்றுதான் கொண்டுபோனேன்.

இறந்துபோன மாணவர்களுக்கு மௌன அஞ்சலி என்றார்கள். மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பைலாப் பாட்டுப் போட்டு எல்லாரும் ஆடப் போனார்கள். நிலக்சியும் பிரதீபாவும் போய்விட்டார்கள். பக்கத்துக் கதிரையை யாரோ இழுக்கிற சத்தம். திரும்பினால் சண் அண்ணை.

சண்டைக்குத் தயாரானேன். அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"நான் அவன் விளையாடிப் பாத்ததே இல்லை" என்றார். "நான் ஊரில இருந்து வெளிக்கிடேக்க அவன் சின்னப் பொடியன். கப்டனா வந்ததெண்டு கடிதம்தான் வந்தது. ஒரு படம் அனுப்பினவன். படத்தில நிக்கிறான், ஓடேல்லை."

மெஷினை மேசையில் வைத்தேன்.

"நீர் பாத்திருப்பீர். ஒவ்வொரு நாளும் அங்கதானே நிண்டனீர். எப்பிடி ஓடுவான்?"

அங்கே ஏன் நின்றேன் என்று கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் இந்த மண்டபம் முழுக்கத் தேடினாலும் அவருக்கு அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் எல்லாம் தவயோகனோடு ஆடியவர்கள். ஆடுகிறவன் பந்தைத்தான் பார்ப்பான். நான்தான் ஆளைப் பார்த்தேன்.

"ஒருத்தராலும் பிடிக்கேலாது அண்ணை" என்றேன். "தலையை ஒரு பக்கம் சரிச்சு வைச்சுக்கொண்டு ஓடுவார். நான் பந்து எறிஞ்சா நிலத்தில விழவிடமாட்டார், நெஞ்சில எடுப்பார்." உண்மை. "எனக்கு அவர் ஒருநாளும் நன்றி சொல்லேல்லை." அதுவும் உண்மை. இரண்டையும் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். நீண்ட நேரம் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கப்டனாப் போடமாட்டன் அண்ணை."

"கப்டன் கேக்கேல்லை. எங்கயாவது போடும்."

ஓடிப் பிடிக்கிறவர்கள் வரிசையில் ஒரு இடத்தை எடுத்து எழுதினேன். தவயோகன் முழுசாக ஏறவில்லை. 'தவம்' போதும் என்றார் அண்ணை, வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். இலக்கம் என்ன என்று கேட்டேன். பத்து என்றார். எனக்கும் தெரியும்.

முதல் எறி வெளியே போய்விட்டது. இரண்டாவதைத் தவம் பிடித்தார், பிடித்துக்கொண்டு கோடு தாண்டும்வரை ஓடினார். எறிந்தது வினோதன், பிடித்தது தவம் என்று திரையில் விழுந்தது, என் பெயர் முதலில். சண் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பஸ்ரியன் ஐஸ்கிறீம் கோப்பையோடு வந்து எங்கள் இரண்டு பேரையும் கண்டு அப்படியே நின்றான். அண்ணை தலை நிமிரவில்லை.

"இன்னொருக்கா எறியும்" என்றார் என்னிடம்.

ஜனவரி 25, ஞாயிறு

சண் அண்ணை போன் எடுத்தார். சுகம் விசாரித்தார், குளிரைப் பற்றிச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இந்தக் கிழமை தம்பி எப்பிடி விளையாடினவன்?"

"ரெண்டு பிடிச்சவர். கைக்குள்ள வந்த ஒண்டை விட்டிட்டார்."

"உம்மட எறி பிழைச்சிருக்கும்."

"இல்லை அண்ணை" என்றேன். "எறி சரி."