பைலட்டின் இடது கை

அன்புள்ள சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்குப் புதிதாகக் கட்டிய பல்செட் இன்னும் பழகவில்லை, பேசும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார், மற்றபடி சௌகரியம்தான். இதற்கு அடுத்த வரியாக நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதுவது என் வழக்கம். இந்த முறை அந்த வரி வரவில்லை. பேனாவை மூடி வைத்து, எழுந்துபோய்த் துணியெல்லாம் மடித்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறேன். போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

நீ வரைகிற விண்வெளிக் கார்ட்டூன் தொடரில் கடைசிக்கு முந்தைய பகுதியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தோம். கதை உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் நான் பார்த்த மாதிரியே சொல்கிறேன், கேள். சரக்குக் கலத்தை ஓட்டுகிற பைலட் பெண், முதல் பகுதியிலிருந்து நீயே வரைகிறாயே அவள், சுழலும் இரண்டு பாறைகளுக்கு நடுவே கலத்தைக் கொண்டுபோக வேண்டும். மற்ற ஆறு பேரும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அவளை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்கோ இடது கையில் உணர்ச்சி குறைந்துகொண்டே வருகிறது. சொன்னால் இருக்கையிலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. தரையிலிருந்து ரேடியோவில் விசாரிக்கிறார்கள், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று இரண்டு தரம் சொல்கிறாள். அப்புறம் இடது கையால் கலத்தைத் திருப்புகிற நெம்புகோலைப் பிடிக்கிறாள். நான்கு விரலும் போய்ப் பற்றிய பிறகு கட்டைவிரல் மட்டும் தாமதமாக வந்து சேருகிறது. வலது கையால் இடது மணிக்கட்டைத் தாங்கிக்கொள்கிறாள், அப்படியும் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. பாறை எதிரே வருகிறது, திரை இருட்டாகிவிட்டது, இறுதிப் பகுதி அடுத்த வாரம் என்று எழுத்து வந்தது. அப்பா பலே என்று கைதட்டினார். எனக்குப் பாறை கண்ணில் படவில்லை, அந்தக் கட்டைவிரல்தான் நின்றது.

போன தடவை வெளிநாட்டிலிருந்து லீவில் வீட்டுக்கு வந்தபோது எப்படி வரைவீர்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். மேசையில ஒரு கண்ணாடி வச்சுக்குவோம், அந்த ஆள் என்ன செய்யணுமோ அதை நாமளே செஞ்சு பாத்துத்தான் கோடு போடுவோம், பைலட்டோட கையெல்லாம் என் கைதாம்மா என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். இப்போது அந்தப் பேச்சுதான் என்னை அரித்துத் தின்கிறது. அந்தக் கட்டைவிரலைக் கண்ணால் காணாமல் ஒருத்தி கற்பனையில் வரைந்திருக்க முடியாது கண்ணு. முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் பிள்ளைகள் பென்சில் பிடிக்கிற விதத்தைப் பார்த்தே காலம் தள்ளியவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினோமே, அப்போது டீக் கோப்பையை வலது கையில் பிடித்திருந்தாய். பேசி முடிக்கும்வரை இடது கை மேசைக்கு மேலே வரவே இல்லை. போன மாதம் அப்பாவின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பார்சலில் முகவரி உன் எழுத்தில் இல்லை. உன் எழுத்து இடப்பக்கம் சாயும், அது விறைப்பாக நிமிர்ந்து நின்றது. கூட வேலை செய்கிற யாராவது எழுதியிருப்பார்கள் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, கூட்டிப் பார்த்தால் விடை பயமாக வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சிலேயே, கை எப்படி இருக்கு என்று நேராகக் கேட்டேன். கதையைக் கதையா பாரும்மா, நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் அப்பா பல் எப்படி இருக்கு என்றாய். பத்து வயதில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு பரீட்சைக்குக் கிளம்பிய அன்றைக்கும் நீ இரண்டு தரம்தான் சொன்னாய். பரீட்சை ஹாலிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்.

அப்பா முதலில் கேலிதான் செய்தார். கார்ட்டூன் பாத்தே வியாதி கண்டுபிடிக்கிற டாக்டர் உலகத்துலேயே நீ ஒருத்திதான், வாசல்ல போர்டு மாட்டு, நான் உக்காந்து டோக்கன் குடுக்கறேன் என்றார். நான் அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னேன். மூன்றாம் தரம் முடிந்ததும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, அவ எந்தக் கையில பென்சில் பிடிப்பா என்று மெதுவாகக் கேட்டார். நீ இடது கைக்காரி என்று பெற்றவருக்குத் தெரியாதா? நான் வலது என்று சொல்லிவிட மாட்டேனா என்றுதான் கேட்டார். அதற்குப் பிறகு கேலி இல்லை.

இன்னொன்றும் மனதைப் பிசைகிறது. ஒரு பகுதியை வரைந்து ஏழெட்டு மாதம் கழித்துத்தான் அது திரைக்கு வரும் என்று நீதானே சொன்னாய். மார்க் அட்டை வீட்டுக்கு வரும்போது பரீட்சை முடிந்து வெகு நாளாகியிருக்கும், அதுபோல நான் வெள்ளிக்கிழமை பார்த்தது உன் பழைய கை. அன்றைக்கே அப்படி என்றால் இன்றைக்கு எப்படி இருக்கிறது? இன்று காலையில் தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம், யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். நான் மருந்து விக்கிறவன் டீச்சர், டாக்டர் இல்ல, ஆனா ஒரே மாதிரி வேலை செய்யற கைக்கு மணிக்கட்டுல நரம்பு நெரிபடறது உண்டு, கழுத்துலேருந்தும் வரலாம், வேற ஏதாவதாவும் இருக்கலாம், சீக்கிரம் காட்டிட்டா நல்லது, தள்ளிப்போட்டா தசை வத்திடும் என்றார். வேற ஏதாவது என்றாரே, அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். பாதி வழி வந்த பிறகுதான் வாங்கிய மாத்திரையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

ஆறாம் வகுப்பில் என்னிடம் ஒரு பெண் படித்தாள், எப்போது பார்த்தாலும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவாள். அரை வருஷம் காப்பி அடிக்கிறாய் என்று திட்டித் தீர்த்தேன். அவளுக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. கேட்டதற்கு, சொன்னா ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டாங்க டீச்சர் என்றாள். கண்ணாடி போட்டும் ஒரு கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. நீயும் அதே கணக்குத்தான் போட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அடுத்த தொடருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னாயே, இந்த நேரத்தில் கை சரியில்லை என்று தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். வேலை போனால் போகட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வரையாமல் உன்னால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு பயம். இருக்கையைக் காப்பாற்றக் கையைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அந்த இருக்கையில் உட்கார்ந்து என்ன செய்வாய்?

இதைக் கூரியரில் போடுகிறேன், வியாழனுக்குள் வந்துவிடும் என்றார்கள். கிடைத்ததும் வீடியோவில் கூப்பிடு. எதுவும் பேச வேண்டாம். இடது கையை நீட்டி, கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் நுனியையும் வரிசையாகத் தொட்டுக் காட்டு. தொட்டுவிட்டால் நான்தான் பைத்தியக்காரி, அப்பா வருஷம் முழுக்க என்னைக் கேலி செய்யட்டும். தொட முடியவில்லை என்றால் அழாதே, மறைக்காதே, அன்றைக்கே டாக்டரிடம் போ. அவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல், குறைத்துச் சொல்லாதே. எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளும் தைரியம் எனக்கு இருக்கிறது, தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். வேளைக்குச் சாப்பிடு. வியாழக்கிழமை, மறந்துவிடாதே. அப்பாவும் இரண்டு வரி எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினார், கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எழுதாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது பீரோவிலிருந்து எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார். 

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும்,
அம்மா