கேமரா எப்படி என்று மட்டும் கேட்டேன்

என் முத்துப் பயலுக்கு,

உன் மருமகள் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டாள். கோயம்புத்தூரில், மெக்கானிக்கல். இன்னும் பத்து நாளில் ஹாஸ்டலுக்குப் போகிறாள். நீ பார்க்காத பிள்ளை. பெயர் காவ்யா. கோபம் வந்தால் உன்னைப் போலவே பேச்சை நிறுத்திவிடுவாள்.

சாரல் தொடங்கிவிட்டது. வெளியூர்க் கார்கள் நம் தெருவைத் தாண்டிக் குற்றாலத்துக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. தென்காசியில் பிறந்து பதினெட்டு வயதுவரை அருவியில் தலையை நனைக்காத பெண் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நான் விட்டதில்லை. "முத்து மாமா வழுக்கி விழுந்த இடம்" என்று அவளிடம் சொல்லியே வளர்த்தேன்.

நேற்று அவளுக்கு லேப்டாப் வாங்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடையநல்லூரில் என் தோழி ஒருத்தி, துபாயிலிருந்து வீட்டுக்காரர் வரும்போது கொண்டுவரச் சொல்கிறேன் என்றாள். பழுதானால் இங்கே வாரண்டி கிடைக்குமா என்று கேட்டு காவ்யாவே வேண்டாம் என்றுவிட்டாள். பதினாறு ஜிபி ராம் வேண்டும், வரைபட சாஃப்ட்வேர் ஓட வேண்டும், தூக்கிக்கொண்டு நடக்கிற எடை இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கேமரா எப்படி?

கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஹாஸ்டல் அறையில் வெளிச்சம் கம்மியாக இருக்கும், இந்த டியூப்லைட்டை அணையுங்கள் என்றேன். அணைத்தார். திரையில் காவ்யாவின் முகம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அடுத்ததைக் காட்டுங்கள் என்றேன். நான்காவதற்கு அவர் பொறுமை போய்விட்டது.

"அக்கா, இன்ஜினியரிங் படிக்கப் போற பிள்ளைக்கு வாங்குதீயளா, இல்ல டிவியில நியூஸ் வாசிக்கவா?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். கேமரா தெளிவாக இருந்ததில் ராம் பாதிதான். காவ்யா கேட்டதெல்லாம் இருந்த இன்னொன்றில், கேமராவை மூடிக்கொள்ளச் சின்னதாக ஒரு தள்ளுமூடி இருந்தது. அவள் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, இதுதான் வேண்டும் என்றாள். மூடுகிற கேமரா வேண்டவே வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எதிரே ஒரு டீக்கடையில் ஒதுங்கி நின்றோம். டீயை ஆற்றிக்கொண்டே அவள் கேட்டாள்:

"நீ எதுக்கும்மா இப்படிப் பயப்படுத?"

தினமும் அவள் முகத்தைப் பார்த்தால் போதும் என்றேன். குரலை மட்டும் கேட்டால் எதுவும் தெரியாது என்றேன்.

"மொகத்தப் பாத்தா மட்டும்? நான் சிரிச்சிட்டே உக்காந்திருந்தா ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

இதற்கு உன்னிடம் பதில் இருக்குமா?

அங்கேயே சொல்லிவிட்டேன், முத்து. மாமா வழுக்கி விழவில்லை என்று சொன்னேன். இருபத்தாறு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. கேட்டவர்களிடமெல்லாம் பாசி, ஈரப் பாறை என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஹாஸ்டலிலிருந்து வந்த உன் பெட்டியில் இருந்த கடிதத்தை அவர்தான் அடுப்பில் போட்டார். அவரும் அம்மாவும் போன பிறகு, அப்படி ஒரு கடிதம் இருந்ததை அறிந்தவள் நான் மட்டும்தான். என் வீட்டுக்காரருக்கும் பாசிக் கதைதான் தெரியும்.

அடுப்புக்குப் போகும் முன் அந்தக் கடிதத்தை நான் வாசித்தேன். உன் காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் நான்கு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றும், கீபோர்டு உன் கைக்கு வருவதே இல்லை என்றும், கைக்கு வந்த அன்று என்ன செய்வதென்று தெரியாமல் நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள் என்றும் எழுதியிருந்தாய். இங்கிலீஷில் பாடம் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டிருந்தாய். என் பெயர் எங்கேயும் இல்லை. இருந்திருந்தால் என்னைத் திட்டவாவது செய்திருப்பாய்.

அதற்கு முன் நீ ஹாஸ்டல் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து எனக்குப் போனில் பேசியதையும் காவ்யாவிடம் சொன்னேன். அதைச் சொல்லத்தான் எனக்கு நேரம் பிடித்தது. "யக்கா, நான் வீட்டுக்கு வந்திரட்டா?" என்றாய். அப்போது நானும் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. "ஏலே, ஒரு மாசம் இருந்தாப் பழகிரும்லே. அப்பா எவ்வளவு ஆசையாச் சேத்துவிட்டிருக்காவ" என்றேன். நீ சரி என்றாய். சிரித்தாய் என்றுகூட நினைவு. அப்படிச் சிரித்தது எனக்காகத்தானா?

காவ்யா அழவில்லை. டம்ளரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். மாமாவுக்கு அப்போது எத்தனை வயது என்று கேட்டாள். பதினெட்டு என்றேன். தன் வயது என்பது அவளுக்கும் தோன்றியிருக்கும். பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நான் கேட்டா நீ என்ன சொல்லுவ?"

வந்துவிடு என்பேன் என்றேன்.

"பீஸ் கட்டியாச்சேன்னு சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

"நெசமா?"

நான் தலையாட்டினேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. நான் நேற்றுவரை சொன்ன பொய்யின் நீளம் இப்போது அவளுக்குத் தெரியுமல்லவா?

திரும்பப் போய், தள்ளுமூடி இருந்ததையே வாங்கினோம். வீட்டுக்கு வரும் வழியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமலே வந்தாள். இன்று காலையில் அவளாகவே வந்து, உன் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஹால் டிக்கெட்டில் ஒட்டியது ஒன்றுதான் இருக்கிறது. கொடுத்தேன். வெகுநேரம் வைத்திருந்தாள்.

இனி யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் பாசியின் மேல் பழி போட மாட்டேன், முத்து. இன்று சாயங்காலம் அவள் அப்பாவிடமும் சொல்லப் போகிறேன். காவ்யா என்றைக்காவது போன் செய்து வரட்டுமா என்றால், என்ன ஆச்சு என்றுகூடக் கேட்க மாட்டேன். முதலில் வா என்று சொல்லுவேன். மற்றதெல்லாம் அவள் வீட்டுக்கு வந்த பிறகு.

அன்றைக்கு உன்னை வரச் சொல்லாத
உன் அக்கா