ஓரமாகப் படுத்த ஆட்டக்காரன்

என் வீட்டு மகாராணிக்கு,

நலம்தானே? சின்னவளுக்கு இருமல் நின்றதா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: முந்நூறு பேர் பார்க்க, பந்தை உதைக்கப் போய்க் காற்றை உதைத்துக் குப்புற விழுந்தேன்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் ஊழியர்களும் சேர்ந்து ஆடும் கால்பந்துக் குழுவை எங்கள் கம்பெனி நடத்துகிறது. ஊழியர் தரப்பில் 'துணை ஆட்டக்காரர்' என்று என்னையும் அதில் தள்ளிவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் பெட்டி தூக்கிய உடம்பு, என்ன செய்யும்? எங்கள் கேப்டன், அந்தக் குறைபாடு உள்ள பெண், ஓடி வந்தாள்.

"அண்ணே, மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா, சும்மா படுத்திருக்கேன்."

"அப்ப ஓரமா படுங்க. உங்க பங்கையும் நானே ஓடிக்கிறேன்."

ஓடினாள்; ஜெயித்தோம். மேலாளர் கோப்பையை என் பக்கம் நீட்டினார். அவள் பிடுங்கிக்கொண்டாள். நியாயம்தானே!

உன் தலையணை உறை ஒன்று அனுப்பு, துவைக்காதே. வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் கண்ணாடியைத் தேடாதே, இடது கையால் எழுதுகிறேன்.