தொண்ணூற்றாறு சதவீதம்

காக்ஸ் டவுன்
3 ஜூன் 2025

அன்புள்ள சாந்தா,

முழங்கால் வலி தேவலையா? ஃபோனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

ஆசிரியை வேலைக்காக உங்கள் பள்ளி கேட்ட கட்டுரையை லவினா வீட்டில் தானே எழுதினாள். பக்கத்தில் நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அதை ஏஐ எழுதியது என்று ஏதோ சாஃப்ட்வேர் சொன்னதாம், நிராகரித்துவிட்டீர்கள். தேர்வுக் குழுவில் உன் கையெழுத்தும் இருக்கிறது.

என் மகளுக்குச் சிபாரிசு கேட்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை காப்பியடித்தாள் என்று யாராவது சொன்னால் டீச்சர்கள் நாம் என்ன செய்வோம்? அவளையே கூப்பிட்டுக் கேட்போம். லவினாவை யாரும் கேட்கவில்லை. ஏமாற்றுக்காரி என்ற பேர் மற்ற பள்ளிகளுக்கும் போய்விடுமோ என்று பயந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

உன்
ஜோசஃபின்

மல்லேஸ்வரம்
8 ஜூன்

ஜோசஃபின்,

ரிப்போர்ட்டில் தொண்ணூற்றொரு சதவீதம் இயந்திரம் என்றிருக்கிறது. தோழியின் மகள் என்று அதை ஒதுக்கினால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? இதைப் பற்றி இனி எழுதாதே.

சாந்தகுமாரி

மல்லேஸ்வரம்
16 ஜூன்

என் ஜோசி,

எழுதாதே என்றவளே எழுதுகிறேன். லவினாவின் கட்டுரையை நேற்றுதான் படித்தேன். கையெழுத்துப் போட்ட அன்று ரிப்போர்ட்டை மட்டுமே பார்த்தேன், மன்னித்துவிடு.

மூன்று பத்தி, நடுவில் ஓர் உதாரணம், கடைசியில் ஓர் அறிவுரை. நீயும் நானும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து தயாரித்த அதே அச்சு. முப்பது வருடம் எத்தனை பிள்ளைகளை அதில் வார்த்தோம்! 1996இல் நான் கையால் எழுதிய மாதிரிக் கட்டுரையைத் தேடியெடுத்து, டைப் செய்து, அதே சாஃப்ட்வேரில் போட்டேன். தொண்ணூற்றாறு சதவீதம். உன் மகளைவிட நான் பெரிய இயந்திரம்.

தலைமை ஆசிரியர் பெர்னார்டிடம் இரண்டையும் காட்டினேன். முதலில் சிரித்தார். அப்புறம், "கேக்காமலே தீர்ப்பு சொல்லிட்டோமே மேடம்" என்றார். இனி அந்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பி யாரையும் தள்ளுவதில்லை. லவினாவையும், இதே காரணத்தால் விலக்கிய மற்ற நான்கு பேரையும் கூப்பிட்டிருக்கிறோம். வியாழன் காலை பத்து மணிக்கு எங்கள் முன்னால் பேனாவால் எழுத வேண்டும். லவினாவின் தாளை நான் திருத்த மாட்டேன்.

சாந்தா

காக்ஸ் டவுன்
20 ஜூன்

அன்புள்ள இயந்திரமே,

உன் கடிதத்தை லவினா இரண்டு தரம் வாசித்தாள். பிறகு அவளே ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கும் அன்றுதான் தூக்கம் வந்தது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இனி பரவாயில்லை, பேர் மீண்டுவிட்டது.

நேற்று எழுதிவிட்டு வந்தவளிடம், நடுவில் உதாரணம் வைத்தாயா என்று கேட்டேன்.

"வெக்கல மம்மி. பயமா இருந்துச்சு."

அது ஒன்றுதான் மனதை உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறேன், பேசுவோம். கேட்டைத் திறக்க நீ படியிறங்க வேண்டாம். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை.

உன்
ஜோசி